பெர்மெத்ரின் இரண்டு தடவை போட்டும் பேன் போகவில்லை, எங்கே தவறு?

தென்றல்:
மகளுக்கு 7 வயது, முதுகு வரை முடி. பெர்மெத்ரின் 1% லோஷன் முதல் நாள் ஒரு தடவை, நான்காம் நாள் ஒரு தடவை போட்டாயிற்று. ஷாம்பு, கண்டிஷனர் போட்டு அலசிய தலையில் 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவினேன். ஒரே பாட்டிலை இரண்டு தடவைக்கும் பாதி பாதியாக வைத்துக்கொண்டேன். இன்று 12ஆம் நாள். சீப்பில் ஐந்தாறு பொடிப்பேன் வருகிறது, பெரிய பேன் ஒன்றும் இல்லை. மருந்துக்கு அடங்காத பேனா? 5% களிம்பு கிடைக்கிறதே, அதைப் போடலாமா? தலையணை, மெத்தையெல்லாம் மாற்ற வேண்டுமா?

மருந்துச்சீட்டு:
5% வேண்டாம். அது சொறிக்கு உடம்பில் தடவுகிற களிம்பு. பெர்மெத்ரினுக்கு அடங்காத பேன் அளவைக் கூட்டினாலும் அடங்காது.

ஆனால் உங்களுடையது அந்த வகையாகத் தெரியவில்லை. பொடிப்பேன் மட்டும் இருப்பதுதான் துப்பு. பெர்மெத்ரின் பேனைக் கொல்லும். ஈருக்குள் இருப்பதை அவ்வளவாகத் தொடாது. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் 9 முதல் 12 நாள். அதனால் இரண்டாவது தடவை 9ஆம் நாள் வாக்கில் போட வேண்டும்: அதற்குள் ஏறக்குறைய எல்லா ஈரும் பொரித்திருக்கும், எந்தக் குஞ்சும் முட்டையிடும் பருவத்துக்கு வந்திருக்காது. நான்காம் நாள் நீங்கள் போட்டபோது பல ஈர் பொரிக்காமல் ஈராகவே இருந்தது. பெரிய பேன் செத்துவிட்டது. ஈர் பிழைத்துப் பொரித்து இப்போது சீப்பில் வருகிறது.

இன்னும் இரண்டு தவறு. கண்டிஷனர் முடிமேல் ஒரு படலமாகப் படிந்து மருந்தை ஒட்டவிடாது. வெறும் ஷாம்பு போட்டு அலசி, துண்டால் துவட்டி, ஈரப்பதம் மட்டும் இருக்கும் முடியில் தடவ வேண்டும். நீர் சொட்டினால் மருந்து நீர்த்துப்போகும். முதுகு வரை நீண்ட முடிக்கு ஒரு தடவைக்கே ஒரு பாட்டில் போதாமல் போகலாம். காதுக்குப் பின்புறமும் பிடரியும் நனையாமல் விட்டால் போட்டதே வீண். பிறகு ஓரிரு நாள் தலைக்கு ஊற்றக் கூடாது.

அடங்காத பேனா என்று அடுத்த முறை தெரிந்துகொள்ள, மருந்து போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீவிப் பாருங்கள். ஒன்றுகூடச் சாகாமல் முன்போலவே ஓடினால் அந்த மருந்து பலிக்கவில்லை, வேறு வகைக்கு மாறுங்கள். சில பேன் தள்ளாடிக்கொண்டு நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது. மறுபடி தடவாமல் சீப்பால் எடுத்துவிடுங்கள்.

இப்போதைக்கு என் தேர்வு டைமெதிக்கோன் 4% லோஷன். இது நஞ்சு இல்லை. சிலிக்கோன் எண்ணெய் பேனைப் போர்த்து அடைத்துவிடும், மருந்துக்குப் பேன் அடங்காமல் போகும் பிரச்சினை குறைவு. உலர்ந்த முடியில் வேரிலிருந்து நுனிவரை தடவி 8 மணி நேரம் அல்லது இரவு முழுக்க விட்டு, காலையில் ஷாம்பு போட்டு அலசுங்கள். 7 நாள் கழித்து மறுபடி. தடவிய தலையோடு அடுப்பு, விளக்கு, சிகரெட் பக்கம் போகக் கூடாது, பற்றிக்கொள்ளும். இரண்டு மருந்தை ஒரே நேரத்தில் போடவும் வேண்டாம்.

நுண்பல்:
எந்த மருந்தானாலும் சீப்பு இல்லாமல் முடியாது. பல்லிடுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. உள்ள பேன்சீப்பு வாங்குங்கள். பிளாஸ்டிக் பல் வளைந்து கொடுக்கும், உலோகம் நல்லது. மருந்து போடாத நாளில் தலையை நனைத்து, இப்போது கண்டிஷனரை அள்ளித் தடவுங்கள். பேன் ஓடாமல் நிற்கும், சீப்பும் வழுக்கும். சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்து, முடியை விரல் அகலப் பாகங்களாகப் பிரித்து, பல் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் தாளில் துடைத்துப் பாருங்கள். நீள முடிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் பிடரியில் இருப்பது தப்பிவிடும்.

மருந்தே வேண்டாம் என்பவர்கள் இதையே 1, 5, 9, 13ஆம் நாள்களில் செய்யலாம். 17ஆம் நாள் ஒரு பேன்கூட வராவிட்டால் முடிந்தது. ஒரு நாள் விட்டாலும் குஞ்சு வளர்ந்துவிடும், ஆகவே சோம்பல் இல்லாதவர்களுக்கு மட்டும்.

மெத்தையை மாற்ற வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. கடந்த இரண்டு நாளில் தலை பட்ட துணி, தலையணை உறையை 54 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துவைத்தால் போதும். சீப்புகளை அதே சூட்டு நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறப்போடுங்கள்.

தென்றல்:
மிக்க நன்றி. ஈர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, பள்ளிக்கு அனுப்பலாமா? வீட்டில் 6 வாரக் குழந்தையும் இருக்கிறது. வெளியே யாரிடமாவது காட்டலாமா?

மருந்துச்சீட்டு:
தலைத்தோலிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் தள்ளி நிற்கும் ஈர் பெரும்பாலும் வெற்றுக்கூடு. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால் அது பழசு. 6 மி.மீ.க்குள் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். தட்டினால் உதிர்ந்தால் பொடுகு. பள்ளிக்கு அனுப்பலாம், பேன் குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். முடியைப் பின்னிவிடுங்கள்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெர்மெத்ரின் கூடாது. பேன் கண்டால் கையாலும் சீப்பாலும் எடுங்கள், குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் மற்ற எல்லாத் தலையையும் இன்றே சீவிப் பார்த்து, உயிருள்ள பேன் இருப்பவருக்கு மட்டும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். ‘வராமல் இருக்கட்டும்’ என்று முன்கூட்டிப் போடுவது வீண். மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய், நாய்க்கான மருந்து எதுவும் வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறு பிள்ளைக்கு வலிப்பு வரும்.

முதலில் மருந்தாளுநர் போதும். சரியாகப் போட்டும் போகாவிட்டால், தலையில் சீழ், பொருக்கு, காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல் இருந்தால், இமையில் ஒட்டியிருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். ஐவர்மெக்டின் மாத்திரை எடைபார்த்து அவர் எழுதுவது. 15 கிலோவுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. மருந்து பலித்த பிறகும் ஓரிரு வாரம் அரிக்கலாம். அரிக்கிறது என்பதற்காக மறுபடி போடாதீர்கள்.

நுண்பல்:
கூலிக்குப் பேன் எடுத்துத் தருகிறவர்களிடம் மூன்று கேள்வி: உயிருள்ள பேனைக் காட்டிவிட்டுத்தான் தொடங்குவீர்களா? என்ன மருந்து, எத்தனை சதவீதம்? 7 முதல் 10 நாள் கழித்து மறுபடி பார்ப்பீர்களா? ஒரே அமர்வில் உத்தரவாதம் என்று பேசினால் மூன்றாவது கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். ஈரை உலர்த்தும் வெப்பக்காற்றுக் கருவி உண்டு, பயிற்சி பெற்றவர் கையில் பயன் தரும். வீட்டு முடி உலர்த்தி அந்த வேலையைச் செய்யாது, தோலைச் சுடும்.