தானாக நிறமேறிய வெள்ளிக் காசு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காலணா:

ஆறு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

தாத்தாவின் 1918 ஜார்ஜ் ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் தலை போட்ட வெள்ளிக் காசு. பழுப்புக் காகித உறைக்குள், பீரோ லாக்கரில், எத்தனை வருஷம் கிடந்ததோ. வெளியே எடுத்து ஜன்னலோரம் லேசாகச் சாய்த்தேன். விளிம்பில் மயில்கழுத்து நீலம், அதற்கு உள்ளே கத்தரிப்பூ நிறம், அப்புறம் செம்பு கலந்த பொன். ராஜாவின் கிரீடத்துக்குக் கிட்டே வரும்போது வெறும் வெள்ளி. சாய்க்கச் சாய்க்க, அந்த நிறங்களுக்கு அடியில் ஒளிக்கீற்று சக்கரம் மாதிரி சுற்றியது. இங்கே இருக்கும் காசு சேகரிப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

மேஜைமேல் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். மறுநாள் வரலட்சுமி நோன்பு. சாயங்காலம் வந்தால், கலசத்தில் போட அம்மா எடுத்து வைத்திருக்கிறார். "பாவம், கறுத்துப்போயி கிடந்துச்சுடா. திருநீறு போட்டுத் தேய்ச்சேன், புதுசு மாதிரி ஆயிடுச்சு பாரு" என்று சந்தோஷமாக நீட்டினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வெள்ளி விளக்கு, குங்குமச்சிமிழ் எல்லாமே காலங்காலமாக அப்படித்தான் மின்னுகிறது. ராத்திரி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ராஜாவின் கன்னத்தில் மெல்லிய கீறல்கள், வட்டவட்டமாக. அம்மாவின் விரல் எந்தப் பக்கம் சுற்றியது என்பதுகூடத் தெரிந்தது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

தங்கசாலைக்காரன்:

உங்களுக்காவது அசல் போனது. எனக்கு நடந்தது வேறு.

1969 காந்தி பத்து ரூபாய், 15 கிராம், 80 சதவீத வெள்ளி, எல்லோரிடமும் இருப்பதுதான். பாரிமுனைப் பக்கம் ஒருவர் ரெயின்போ டோனிங், அதாவது வானவில் மாதிரி தானாக நிறமேறியது என்று காட்டினார். காந்தியின் தலைக்குப் பின்னால் ஊதாவும் பச்சையும். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன், பேரம்கூட சரியாகப் பேசவில்லை, 4,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது நிறம் காசின்மேல் மிதக்கிற மாதிரி இருந்தது. பெயின்ட், மை கரைக்கிற சுத்த அசிட்டோன் திரவம் கொஞ்சம் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, பஞ்சு நனைத்து ஒரு ஓரத்தில் ஒற்றினேன். பஞ்சு ஊதாவாக வந்தது.

அந்தப் பஞ்சை நான் தூக்கிப்போடவில்லை. அன்றிலிருந்து பளிச்சென்று நீலம் தெரிகிற எந்தக் காசையும் கையால் தொடுவதில்லை. என்னைக் கேட்டால் இந்த ஊரில் விற்பனைக்கு வரும் நிறக்காசு எல்லாமே செயற்கையாகச் செய்ததுதான்.

ஒருதோலா:

தங்கசாலை நண்பரே, நடந்தது வருத்தம்தான். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். அசிட்டோனில் கரைந்தது பெயின்ட் அல்லது மை. கந்தகம் காட்டிச் சூடேற்றிச் செய்த போலி நிறம் அசிட்டோனுக்கு அசையாது. அசல் நிறமும் அசையாது. பஞ்சு வெள்ளையாக வந்தால் அசல் என்று யாராவது இதைப் படித்துவிட்டு நம்பினால் அவர்களுக்கும் பணம் போகும்.

காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு சல்பைடுப் படலம் படிகிறது. மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ரோட்டில் வானவில் தெரியுமே, அதே சங்கதி. படலத்தின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் பட்டுத் திரும்புகிற வெளிச்சங்கள் கலந்துதான் நிறம் உண்டாகிறது. தடிமன் கூடக்கூட நிறம் ஒரு வரிசையில் மாறும். முதலில் இளமஞ்சள், பொன், அப்புறம் செம்பழுப்பு, கத்தரிப்பூ, நீலம். இன்னும் தடித்தால் வெளிர்நீலம், மறுபடி மஞ்சள், ரோஜா, பச்சை. கடைசியில் கறுப்பு. காலணா சொன்ன காசைப் பாருங்கள்: விளிம்பில் நீலம், உள்ளே கத்தரிப்பூ, அப்புறம் பொன், நடுவில் வெள்ளி. உறையின் காகிதம் விளிம்பில்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது, வரிசை இம்மிகூடத் தப்பவில்லை. பொன்னுக்குப் பக்கத்திலேயே திடீரென்று பச்சை நின்றால், நடுவில் வர வேண்டிய நிறங்கள் எங்கே போயின என்று கேளுங்கள். டியூப்லைட்டில் வாங்காதீர்கள். காசைச் சுற்றும்போது பளபளப்பு நிறத்தோடு சேர்ந்து சுழல வேண்டும்.

அப்புறம், பிளாஸ்டிக் உறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெத்தென்று வளைகிற பிவிசி உறைகளில் போடாதீர்கள். நம் ஊர் வெக்கைக்கும் கடற்காற்றின் ஈரத்துக்கும் அதிலிருந்து பச்சையாகப் பிசுபிசுப்பு இறங்கும், அது காசை அரிக்கும். அதை எடுக்கத்தான் அசிட்டோன். நகப்பூச்சு அழிக்க விற்பதில் வேறு பொருளும் கலந்திருக்கும், அது வேண்டாம். காசை விளிம்பில் பிடியுங்கள். டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மறக்காமல் மாற்றுங்கள். டிப் என்று ஒரு திரவம் விற்கிறார்கள், அதில் முக்கினால் நிறத்தோடு மேல்தோலும் போகும்.

என் அனுபவம் சின்னது. 1840 விக்டோரியா ரூபாய் ஒன்று இளமஞ்சளாக வாங்கினேன். ஒன்பது வருஷத்தில் விளிம்பு மட்டும் சிவந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கிறேன்.

நாலணா:

எல்லோருக்கும் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். ஒருதோலா சாரே சொல்லிவிட்டார், கந்தகம் பட்டு வெள்ளி கெட்டுப்போவதுதான் இது. கொலுசு கறுத்தால் தேய்க்கிறோம், காசு கறுத்தால் கூடுதல் விலை கொடுக்கிறோம். காலணா அம்மா செய்ததில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

மூர்மார்க்கெட்:

நாலணா தம்பி, எனக்கு வயது அறுபத்தெட்டு. 1985இல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். கடைக்கார பாய் ஒருவர் கோணி விரித்து, தகர டப்பாவில் காசு குவித்து வைத்திருப்பார். அதில் ஒரு எட்வர்டு ரூபாய், கிரீடம் இல்லாத தலை. ஒரு பக்கம் சாதாரண வெள்ளி. திருப்பினேன், மறுபக்கம் முழுக்க அந்திவானம். அதில் பாரசீக எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து நின்றது. கையில் பஸ் காசு மட்டும்தான் இருந்தது. "அடுத்த வாரம் வாங்க சார், வெச்சிருக்கேன்" என்றார். அடுத்த வாரம் போனபோது அவரே காசைச் சாம்பல் போட்டுத் துலக்கி வைத்திருந்தார், எனக்காக. நல்ல மனுஷன். வாங்கிக்கொண்டேன், இன்னும் வைத்திருக்கிறேன்.

கெட்டுப்போனது என்று நீங்கள் சொல்வதைக் கண்ணால் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். தேய்த்தால் நிறம் மட்டுமா போகிறது, அச்சடித்த அன்று இருந்த மேற்பரப்பும் கூடவே போய்விடுகிறது.

சிந்தாதிரிப்பேட்டை அக்கா:

நான் சேகரிப்பவள் இல்லை, தேடிக்கொண்டு வந்தேன். எங்கள் வீடு கூவத்துக்குப் பக்கம். வெயில் காலத்தில் ஆற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வரும், வெள்ளிச்சாமான் எதை வெளியே வைத்தாலும் சீக்கிரம் கறுக்கும். மாமனார் நாலு ஜார்ஜ் ரூபாயை ரப்பர் பேண்ட் போட்டு மர டிராயரில் வைத்திருந்தார். அவர் போனபிறகு திறந்தோம். ரப்பர் உருகி ஒட்டிப்போயிருந்தது. மேல் காசில் ராஜா முகத்தின் குறுக்கே கன்னங்கரேலென்று ஒரு கோடு. ஆனால் கோட்டின் இரண்டு பக்கமும் நீலம், ரோஸ், மஞ்சள் என்று வரிவரியாக, பட்டுப்புடவை பார்டர் மாதிரி இருக்கிறது. அவர் கையால் போட்ட ரப்பர் பேண்ட் அது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம், தட்டில் வைக்கலாம் என்று இருக்கிறேன். கறுப்பை மட்டும் எடுக்க எலுமிச்சம்பழம் போதுமா, பேஸ்ட் போடலாமா?

காலணா:

அக்கா, வேண்டாம், தயவுசெய்து எதுவும் போடாதீங்க. கறுப்பை எடுத்தால் பக்கத்திலிருக்கும் நிறமும் சேர்ந்து போகும், கறுப்பு மட்டும் தனியாக வராது. ஒட்டியிருக்கும் ரப்பரையும் நகத்தால் சுரண்டாதீங்க. கோடு இருந்தால் இருக்கட்டும், அப்படியே தட்டில் வையுங்கள். கல்யாணத்துக்குப் பளபளவென்று வெள்ளிக் காசுதான் வேண்டுமென்றால் என் 1918ஐத் தருகிறேன். அம்மா தேய்த்தது, நன்றாக மின்னும்.