தூத்துக்குடி பிளேன்ல அப்பாவுக்குப் பக்கத்துல சீட் கிடைக்க என்ன செய்யணும்?

வீரவநல்லூர்க்காரி:
அப்பாவுக்கு 76 வயசு. ரெண்டு நேரம் இன்சுலின் போட்டுக்கிடுதாவ, இடது காது சுத்தமாக் கேக்காது. சென்னை மடிப்பாக்கத்துல தம்பி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுததுக்காக, போன வாரம் வாகைக்குளம் ஏர்போர்ட்ல இருந்து பிளேன்ல கூட்டிட்டு வந்தேன். அவங்களுக்கு இதான் முதல் பிளேன்.

செக்-இன் பண்ணும்போது எந்த சீட்டைத் தொட்டாலும் ரூபாய் கேட்டுச்சு. கட்டாம விட்டதும் அதுவே அப்பாவுக்கு 4-வது வரிசை, எனக்கு 16-வது வரிசைன்னு போட்டுருச்சு. சின்ன பிளேன்தானே, எட்டிப் பாத்துக்கிடலாம்னு நெனச்சுட்டேன்.

ஏறின உடனே அப்பா பக்கத்துல இருந்த ஒரு பையன்கிட்ட மாறிக்கிடுதீங்களான்னு கேட்டேன். ஜன்னலுக்குன்னே காசு கட்டிருக்கேன்க்கான்னாரு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பணிப்பெண்ணும், ஆள் ஏறிக்கிட்டு இருக்கு, உங்க சீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க.

காலைல 6 மணிக்குத் தின்ன ரெண்டு இட்லிதான். பிளேன் ஒன்றரை மணி நேரம் லேட்டு. மேல போனதும் அப்பாவுக்கு சுகர் இறங்கிட்டு. குளுக்கோஸ், மிட்டாய் எல்லாம் என் பையில. பணிப்பெண்ணைக் கூப்பிடத் தலைக்கு மேல பட்டன் இருக்கது அவங்களுக்குத் தெரியாது. பெல்ட் விளக்கு அணைஞ்சு நான் போய்ப் பாக்கையில சட்டை பூரா வேர்வை, கை நடுங்குது. "ஒன்னையத் தேடினேன்ட்டி, திரும்பினா வெறும் தலையாத் தெரியுது"ன்னாவ. அந்தச் சொல்லு இன்னும் மனசை விட்டுப் போகலை.

20-ஆம் தேதி ஊருக்குத் திரும்பணும். காசு கட்டக்கூடத் தயார்தான். ஆனா வயசானவங்களுக்குத் துணைக்கு வாரவ பக்கத்துல உக்காரதுக்குமா காசு?

கேடிசி நகர் அண்ணாச்சி:
தாயி, ரெண்டு டிக்கெட்டுக்கும் ஒரே பி.என்.ஆரா, அதான் புக்கிங் நம்பர்? முதல்ல அதைப் பாருங்க. தனித்தனியா இருந்தா நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

2024 ஏப்ரல்ல, பிளேன் கம்பெனிகளைக் கண்காணிக்குத மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. ஒரு உத்தரவு போட்டுச்சு. 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆர்ல வர்ற அப்பா அம்மாவோ காப்பாளரோ ஒருத்தர் பக்கத்துல சீட் குடுத்தாகணும். அது பிள்ளைகளுக்கு மட்டுந்தான், பெரியவங்களுக்கு இல்லை. அதனால நாமளாத்தான் கேக்கணும். 48 மணி நேரத்துக்கு முன்னாலயே போன் பண்ணி, இன்சுலின் போடுத ஆளு, காது கேக்காது, துணை பக்கத்துல வேணும்னு பதிஞ்சு வைங்க. அன்னைக்கு சீக்கிரமாப் போய் கவுண்டர்ல திரும்பவும் சொல்லுங்க. பிளேன்ல ஏறின பிறகு கேட்டா ஒண்ணும் நடக்காது.

பேட்டைவாசி:
2003-ல ஏர் டெக்கான்னு குறைஞ்ச கட்டண பிளேன் கம்பெனி வந்தப்ப சீட் நம்பரே கிடையாது, முதல்ல ஏறினவங்களுக்கு முதல் இடம். அமெரிக்காவுல சவுத்வெஸ்ட் கம்பெனியும் 50 வருஷத்துக்கு மேல அப்படித்தான் ஓட்டினாங்க, 2026 ஜனவரியில நிறுத்திட்டாங்க. அந்த முறையில ஓட முடிஞ்சவனுக்கு நல்ல சீட்டு, இப்ப காசு உள்ளவனுக்கு. ரெண்டுலயும் உங்க அப்பா மாதிரி ஆளுகதான் பின்னால நிக்காங்க.

சேரன்மகாதேவி:
ரயில்ல வயசைப் போட்டா 60 தாண்டின ஆம்பளைக்குக் காலி இருந்தாக் கீழ் பெர்த் தானா விழும். அப்பா உக்காந்து வருவாகன்னா எழும்பூர்ல மதியம் வந்தே பாரத் ஏறுங்க, ராத்திரிக்குள்ள திருநெல்வேலி ஜங்ஷன் வந்துரலாம்.

வீரவநல்லூர்க்காரி:
அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான். அப்பாவுக்கு முதல்ல எடுத்துட்டு, லீவு கிடைச்ச பிறகு ரெண்டு நாள் கழிச்சு எனக்கு எடுத்தேன். திரும்புத டிக்கெட்டும் அப்படியேதான் இருக்கு. எட்டு மணி நேரம் உக்காந்தா அப்பாவுக்குக் கால் வீங்கிரும், அதனால ரயில் வேண்டாம். காலைல போன் பண்ணிப் பேசுதேன், முடியலைன்னா ரெண்டு சீட்டுக்கும் காசைக் கட்டிருதேன். மிட்டாயை இப்பவே அப்பா சட்டைப் பையில போட்டுட்டேன்.