கடலோரப் பாதையில் பல நாள் நடை: தனியாகப் போகலாமா?

அலைவழி: கடலை ஒட்டியே போகும் பாதை ஒன்றில் கூடாரத்தோடு சில நாள் தனியாக நடக்க ஆசை. மலைப்பாதைகள் நன்றாகப் பழக்கம். ஆனால் சொன்னவுடனே "தனியாகவா?" என்று எல்லோரும் தடுக்கிறார்கள். அப்படி என்ன வித்தியாசம்?

மேட்டுக்காடு: வித்தியாசம் இருக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். மலையில் வழி தவறினால் திரும்பி வரலாம். இங்கே கடல் ஏறிவிட்டால் வந்த வழியே தண்ணீருக்கடியில் போயிருக்கும். பாறை முனையைச் சுற்றும்போது பாசியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது என்று வையுங்கள், கூட ஒருவர் இருந்தால் தோள் கொடுத்து மேட்டுக்குக் கொண்டுபோவார், தனியாள் என்றால் கடல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். செங்குத்துப் பாறைக்குக் கீழே பல இடங்களில் செல்பேசி சிக்னலும் கிடைக்காது.

நெடுநடை: பாதி சரி. ஆனால் கடலோரத்தில் ஆளை மாட்டிவிடுவது அவசரம். குழுவில் ஒருவருக்கு இருட்டுவதற்குள் சேர வேண்டும், இன்னொருவருக்குப் பசி, யாராவது "இப்போதே தாண்டிவிடலாம்" என்று கிளப்பிவிடுவார். தனியாகப் போகிறவர் மணல்மேட்டில் அரை நாள் சும்மா உட்கார்ந்திருக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் லாஸ்ட் கோஸ்ட் பாதையில் கடல் ஏறியிருக்கும்போது நடக்கவே முடியாத பகுதிகள் உண்டு; அங்கே கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் அன்றைய நடையை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே முனையைத் தாண்டத் தொடங்குங்கள், தாமதமானாலும் கையில் நேரம் மிச்சமிருக்கும்.

மேட்டுக்காடு: அட்டவணை நிலாவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு, அன்றைய வானிலை அதில் இல்லை. காற்றழுத்தம் 1 மில்லிபார் இறங்கினாலே கடல்மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும், கரையை நோக்கி வீசும் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்புறம், ஏற்றம் ஒரே சீராகவும் வராது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போலத்தான் ஏறும், மூன்றாவது, நான்காவது மணியில் மட்டும் பாதி ஏறிவிடும். முதல் மணியைப் பார்த்துத் தைரியம் கொள்கிறவரைத் தடுக்க இன்னொரு ஆள் வேண்டாமா?

உப்புக்காற்று: சிக்னல் இல்லாத இடத்துக்கென்றே 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அழைப்பு அனுப்பும் அவசரக் கருவி இருக்கிறதே. ஆற்று முகத்துவாரங்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீர் வற்றிய நேரத்தில் கடந்து போங்கள், முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உடனே உதற முடியும். குடிநீரை உப்பு ஏறாத மேல்பகுதியில் பிடியுங்கள்.

மேட்டுக்காடு: அந்தக் கருவிக்கு வானம் திறந்து தெரிய வேண்டும், அழைப்பு போனாலும் ஆள் வந்துசேர மணிக்கணக்காகலாம்.

அலைவழி: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுகிறேன், அப்போதுதான் ஏற்றம் அதிகம். எந்த நாள் எங்கே தங்குவேன், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாகவே போகிறேன்.

மேட்டுக்காடு: மணல் பகுதிக்கு அது போதும். பாறை முனைகள் வரும் நாளுக்கு மட்டுமாவது ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதில் நான் இறங்கி வர மாட்டேன்.