உணவை ஒளித்து வைக்கும் சிறுமி: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். குழந்தைகள் பராமரிப்பு இல்லமொன்றில் உதவிப் பணியாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள 9 வயதுச் சிறுமி, சில மாதங்களுக்கு முன் இங்கு வந்ததிலிருந்தே உணவை ஒளித்து வைக்கிறாள். தலையணை உறைக்குள் ரொட்டி, காலுறைக்குள் பிஸ்கட், அலமாரிக்குப் பின்னால் பழம். அறையெங்கும் எறும்பு. பூஞ்சை பிடித்ததையும் தின்றுவிடுவாளோ என்பதுதான் என் பயம். மேசையில் வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறாள். நெடுநாள் பட்டினி கண்ட பிள்ளை. இதைத் திருட்டு என்று சொல்லும் சக பணியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மருத்துவரிடம் காட்டிவிட்டோம், உடலில் கோளாறு இல்லை. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளப் பழக்கூடை வைத்தோம். உணவு வேளைகளைப் படமாக வரைந்து அவள் அறைச் சுவரில் ஒட்டினேன். மூடியுள்ள டப்பா ஒன்றைக் கொடுத்து, எளிதில் கெடாத தின்பண்டங்களை அவளையே நிரப்பச் சொன்னேன். டப்பா நிறைந்தே இருக்கிறது, ஒளிப்பதும் நிற்கவில்லை. அம்மாவின் சந்திப்பு ரத்தாகும் நாட்களில் இன்னும் அதிகமாகிறது.

போன வாரம் நிலைமை முற்றிவிட்டது. அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது, பணியில் இருந்த ஒருவர் அறையை மொத்தமாகச் சுத்தம் செய்துவிட்டார். அன்றிரவு அவள் தூங்கவே இல்லை. இப்போது டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் படுக்கிறாள், என்னிடமும் பேச்சு குறைந்துவிட்டது. மேற்பார்வையாளருக்கு எழுதியிருக்கிறேன், உளவியல் ஆலோசகரைப் பார்க்க இன்னும் முறை வரவில்லை.

கெட்டுப்போன உணவை அவளுக்குத் தெரிந்தே, அவள் நம்பிக்கை குலையாமல் அப்புறப்படுத்த நீங்கள் கையாண்ட முறை என்ன?