நெட்கேட்: கோப்பு வந்து சேர்ந்த பிறகும் கட்டளை முடிய மறுக்கிறது

மின்மினி:
பழைய மடிக்கணினியிலிருந்து புகைப்படக் கோப்புறையைப் புதியதற்கு மாற்றுகிறேன். இரண்டிலும் உபுண்டு. புதியதில் நெட்கேட்டை (தரவை வலைவழியே அப்படியே அனுப்பவும் பெறவும் உதவும் கருவி) 9000ஆம் போர்ட்டில் காத்திருக்கவைத்து, வருவதை ஒரு கோப்புக்குத் திருப்பியிருக்கிறேன். பழையதில், கோப்புறையை ஒரே கோப்பாகக் கட்டும் டார் கட்டளையின் வெளியீடு பைப் வழியாக நெட்கேட்டுக்குள் போகிறது. கோப்பு 38 ஜிபி வரை வளர்ந்து நின்றுவிடுகிறது. அதன்பின் இரு திரையிலும் கர்சர் சிமிட்டுவதோடு சரி. கன்ட்ரோல் சி அழுத்தினால்தான் வெளியே வர முடிகிறது. அப்படி நிறுத்திய கோப்பை நம்பலாமா?

அச்சாணி:
டார் தன் வேலையை முடித்துவிட்டது. உபுண்டுவில் உள்ள ஓப்பன்பிஎஸ்டி வகை நெட்கேட், உள்ளீடு தீர்ந்தாலும் இணைப்பை மூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதாவது வரக்கூடும் என்று காத்திருக்கும். பேசி முடித்த இருவரும் ரிசீவரைக் கீழே வைக்காத கதைதான். அனுப்பும் பக்கத்தில் மைனஸ் என் சேருங்கள், பெரிய எழுத்து என். உள்ளீடு தீர்ந்ததும் டிசிபி வழியாகவே முடிவைச் சொல்லிவிடும். பெறும் பக்கமும் தானாக மூடிக்கொள்ளும்.

நம்புவதைப் பொறுத்தவரை, சோதிக்காமல் நம்பாதீர்கள். அனுப்பும் பக்கத்தைப் பாதியில் கொன்றாலும் பெறும் பக்கம் பிழை எதுவும் சொல்லாமல் வெளியேறும். டாரை மைனஸ் டி (-t) கொடுத்துப் பட்டியலிடச் சொல்லுங்கள். அறுந்த கோப்பு என்றால் எதிர்பாராத முடிவு என்று கத்தும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணினியில் டார் கோப்பே கிடையாது. ஆகவே பிரித்தெடுத்த படங்களுக்கு இரு பக்கமும் ஷா256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்துப் பாருங்கள்.

கரிசல்:
'டிரெடிஷனல்' வகை நெட்கேட்டில் பெரிய என் இல்லை. அங்கே அதற்குப் பதில் மைனஸ் க்யூ 1. காத்திருக்கும் பக்கத்தில் போர்ட் எண்ணுக்கு முன் மைனஸ் பி வேண்டும். எது நிறுவப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது.

தூக்கணாங்குருவி:
நெட்கேட்டில் மறையாக்கம் கிடையாது. விடுதி வைஃபை போன்ற இடத்தில் இதைச் செய்யவே கூடாது. டாரின் வெளியீட்டை, மறையாக்கத்தோடு இணைக்கும் எஸ்எஸ்எச்சுக்குள் விட்டு, மறுமுனையில் நேரடியாகப் பிரிக்கலாம். கடவுச்சொல்லை எஸ்எஸ்எச் முனையத்திலிருந்தே வாங்கிக்கொள்வதால் பைப்பில் ஓடும் தரவோடு அது கலக்காது. எதிர்த்திசையில், அதாவது தொலைவிலிருந்து இழுக்கும்போது, எஸ்எஸ்எச்சுக்கு மைனஸ் டி (சிறிய எழுத்து, -t) கொடுத்துவிடாதீர்கள். போலி முனையம் உருவாகி, வரிமுடிவு பைட் ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்னொரு பைட்டைச் செருகிவிடும். படங்கள் பாழ்.

மின்மினி:
பெரிய என் சேர்த்ததும் இரு பக்கமும் தாமாகவே முடிந்தன. பட்டியல் பிழையின்றி ஓடியது. ஷா256 எல்லாம் பொருந்துகின்றன. இரண்டு கணினிகளும் வீட்டு ரவுட்டரில் கேபிளால் இணைந்தவை. பழையதில் எஸ்எஸ்எச் மிக மெதுவாக ஓடியதால்தான் நெட்கேட்டுக்கு வந்தேன். நன்றி.