மறுமொழி: ‘பேரரசுத் தடிமது’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘இம்பீரியல் ஸ்டவுட்’ என்ற வலுமிக்க கருப்பு பீர் வகைக்கு நம் கலைச்சொல் குழு தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாள்களாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்றிரவு வந்த பரிந்துரையைப் பார்த்த பிறகு கை அடங்கவில்லை.

> இம்பீரியல் என்றால் பேரரசு, ஸ்டவுட் என்றால் தடித்தது. ஆகவே ‘பேரரசுத் தடிமது’. எளிமையாகவும் இருக்கிறது.

எளிமையாகத்தான் இருக்கிறது. இரண்டு பாதியும் தவறு என்பது மட்டும்தான் குறை.

முதலில் ஸ்டவுட். இன்றைய ஆங்கிலத்தில் உடல் பருத்தவரைக் குறிக்கும் சொல் என்பதால் ‘தடி’ வந்து சேர்ந்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் அதற்கு வலுவானது என்று பொருள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில், வலுவான பீருக்கு வழங்கும் கொச்சைப் பெயர் என்றுதான் விளக்கம் கொடுத்திருக்கிறார். நிறத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வெளிர் நிற ஸ்டவுட்டும் அந்நாளில் விற்பனையில் இருந்தது. காப்பிக்கொட்டை வறுப்பது போல உருளையில் போட்டு மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, கருக வறுக்கும் முறைக்கு டேனியல் வீலர் காப்புரிமை வாங்கியது 1817-இல். இன்று நாம் பார்க்கும் மைக்கருப்பு அதற்குப் பிறகு நிலைத்தது.

ஜான்சனைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அவருடைய நண்பர் ஹென்றி த்ரேலுக்கு லண்டன் சதக் பகுதியில் ஆங்கர் என்ற பீர் ஆலை இருந்தது. 1781-இல் த்ரேல் இறந்ததும், உயிலை நிறைவேற்றும் பொறுப்பு பெற்றவர்களில் ஒருவராக ஜான்சனும் அந்த ஆலை விற்பனையில் இறங்கினார். விலை 1,35,000 பவுண்டு. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் அரசவைக்கு வலுவான பீர் போனது அந்த ஆலையிலிருந்துதான். ஸ்டவுட்டுக்குப் பொருள் எழுதிய அகராதிக்காரரே இம்பீரியல் ஸ்டவுட் பிறந்த ஆலையையும் விற்றுக் கொடுத்திருக்கிறார். கலைச்சொல் குழுக்காரர்களாகிய நமக்கு இதைவிட நல்ல மூதாதை கிடைக்கமாட்டார்.

ஆக, ‘இம்பீரியல்’ பேரரசியின் பெயரால் வந்த வணிக அடைமொழி. இன்று அந்தப் பொருளும் தேய்ந்துவிட்டது. அமெரிக்க ஆலைக்காரர்கள் ஐ.பி.ஏ., பில்ஸ்னர் போன்ற மற்ற பீர் வகைகளுக்கு முன்னும் இம்பீரியல் போடுகிறார்கள். அங்கே எந்தப் பேரரசியும் இல்லை. வழக்கமானதைவிட வலு கூடியது, அவ்வளவே. மேலும், தமிழ்நாட்டில் மது விற்பதே அரசு. பெயரில் ‘அரசு’ என்று வந்தால் படிப்பவர் கேத்தரினை நினைப்பாரா, தெருமுனைக் கடையை நினைப்பாரா?

என் பரிந்துரை (தேறல் என்பது தெளிந்த மதுவுக்குப் பழந்தமிழ்ச் சொல்): ஸ்டவுட் = கடுந்தேறல்; இம்பீரியல் ஸ்டவுட் = உறுகடுந்தேறல்.

தென்மாவட்டக்காரர்களுக்குக் ‘கடு’வை விளக்க வேண்டாம். பால் விடாத காப்பி அங்கே கடுங்காப்பி. சொல்லில் இருப்பது கடுமை. கண்ணில் தெரிவது கருப்பு. தண்ணீராய்ப் போட்டுக் கொடுத்தாலும் பால் இல்லையென்றால் அது கடுங்காப்பிதான். ஸ்டவுட் நடந்து வந்த பாதையும் இதுவே. வலுவுக்கு வைத்த பெயர் நிறத்துக்கு ஆகி, இன்று 4.2 விழுக்காடு மட்டுமே ஆல்கஹால் உள்ள கின்னஸ் டிராஃப்டும் ஸ்டவுட் என்றே விற்கிறது. ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையே ஒரு தமிழ்ச் சொல் தானாக நடந்து காட்டும்போது அதை விட்டுவிடலாமா?

> தேறல் என்றால் தெளிந்தது. கருப்பு பீருக்கு எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. சென்ற சனிக்கிழமை 10 விழுக்காடு ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட் புட்டி ஒன்றைத் திறந்து இதைத்தான் சோதித்தேன். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றியது என் பிழை. கசப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. அரை மணி நேரம் மேசையில் வைத்து, 12, 13 டிகிரிக்கு வந்த பிறகு மீண்டும் கையில் எடுத்தேன். கோப்பையின் நடுவில் மை. விளக்கின் முன் சாய்த்துப் பிடித்தால், விளிம்பில் நூலளவு செம்பழுப்பு ஒளி விடுகிறது. துளிக் கலங்கல் இல்லை. முதல் டிகாக்‌ஷனும் கருப்புதான். அதை யாரும் கலங்கல் என்று சொல்வதில்லையே. ஆகவே தேறல் தாராளமாகப் பொருந்தும். ஔவையார் புறநானூற்றில் ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்கிறார். தேள் கொட்டியது போன்ற கடுப்பு. கடுவும் தேறலும் அங்கேயே அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்து வரும் வகைக்கு ‘நாட்படு’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘உறு’ மிகுதி காட்டும் பழைய உரிச்சொல். பழையது என்று பயப்பட வேண்டாம். உறுமீன் வருமளவும் வாடி நிற்கும் கொக்கை நம் எல்லோருக்கும் தெரியும். எந்த பீர் வகைக்கு முன்னும் இதை ஒட்டலாம் என்பது கூடுதல் வசதி.

இனி, வரைவுப் பட்டியலில் உள்ள சுவைச்சொற்கள். நாலைந்து ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே ‘வறுத்த மணம்’ போட்டிருக்கிறீர்கள். அடுப்படி உள்ள மொழிக்கு இந்தப் பஞ்சம் ஏன்? அந்தக் கோப்பையில் எனக்கு முதலில் வந்தது காப்பிக்கொட்டையின் வறுமணம். அதன் பின்னால் வெல்லப்பாகு பதம் தாண்டும்போது எழும் முறுகல் மணம். விழுங்கிய பிறகு, சோறு அடிப்பிடித்த பானையின் காந்தல். மூன்றும் வேறு வேறு, மூன்றும் இந்த பீருக்கு அழகு. நான்காவதாகத் தீய்ந்த வாடை என்று ஒன்று உண்டு. அது வந்தால் குறை. அதே போல, ஆல்கஹால் தொண்டையில் இறங்கும்போது இதமாக இருந்தால் வெம்மை, இருமல் வரவழைத்தால் கமறல். பட்டியலில் இருக்கும் ‘மது எரிச்சல்’ மருத்துவமனை வாசகம் போல இருக்கிறது.

பீர் வாயில் எவ்வளவு திண்மையாகப் படுகிறது என்பதைச் சொல்லும் ‘பாடி’ என்பதற்கு ‘உடல்’ என்று போட்டவர் யாராக இருந்தாலும் மன்னித்துவிடுகிறேன். அது கனம்.

அன்புடன்,
லண்டனிலிருந்து

---

அன்பின் அண்ணா,

கண்டியில் இருந்து எழுதுகிறேன். இங்கே லயன் ஸ்டவுட் 8.8 விழுக்காடு. ஸ்டவுட் என்றால் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் விளங்கும். கடையில் போய்க் கடுந்தேறல் கேட்டால், கசாயம் வேண்டுமென்றால் மருந்துக்கடைக்குப் போகச் சொல்வார்கள். யாருக்காக இந்தச் சொல்?

இன்னொன்று. தேறல் தானியத்தில் செய்தது என்பதற்கு உறுதி இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆறவைத்து, ‘நல்லடை’ கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து எடுக்கிறார்கள். நல்லடை என்பது முளையை இடித்துச் சேர்த்தது. அப்படியானால் அது மால்ட் அல்லவா? அந்தப் பானத்துக்கு அங்கே பெயர் அரியல். பீர் வகைகளுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

---

தம்பிக்கு,

கடைக்கு ஸ்டவுட்டே இருக்கட்டும். யாரும் பிடுங்கப் போவதில்லை. அகராதியில் இரண்டையும் தருவோம். பீர் செய்முறையைத் தமிழில் எழுதப் புகுந்தவருக்குத்தான் கடுந்தேறல் வேண்டும்.

நல்லடை பெரிய கொடை. இத்தனை நாளும் ‘முளைகட்டி உலர்த்திய தானியம்’ என்று மூன்று சொல்லை இழுத்துக்கொண்டிருந்தோம். மால்ட் = நல்லடை, கருக வறுத்தது = கருநல்லடை என்று இன்றே பதிகிறேன்.

அரியலுக்கு மட்டும் எனக்குத் தயக்கம். அரித்து வடிப்பது என்ற பொருள் சரியானதே. ஆனால் ‘கடுவரியல்’ என்று படிப்பவருக்கு அரிப்பு நினைவுக்கு வந்து கை முதுகுக்குப் போகும். வேண்டுமானால் பொதுவாக பீருக்கு வைத்துப் பார்க்கலாம், மற்றவர்களும் சொல்லட்டும்.

நல்லடையை வெந்நீரில் ஊறவைத்து வடித்த, இன்னும் புளிக்காத இனிப்புநீருக்கு நம்மிடம் சொல் இல்லை. அதே அடிகளில் வரும் ‘பிழி’ சரிப்படுமா? அங்கே அது புளித்து விளைந்த பானத்தையே குறிக்கிறது என்பதுதான் இடிக்கிறது. உரையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.