தெர்மோஸ்டாட்டுக்குச் ‘சூட்டுமடை’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கோபிச்செட்டிபாளையத்து நண்பர் தம் பழைய காரைப் பற்றிக் கேட்டதில் தொடங்கிய இந்த இழை, இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. பேச்சு திசைமாறிவிட்டதாகச் சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய காரின் சிக்கலும் நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள பெயரின் சிக்கலும் ஒரே இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அவர் எழுதியதை மீண்டும் பாருங்கள். பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். “தண்ணீருக்கு அது ஒரு தடைதானே, எடுத்துவிட்டால் தாராளமாக ஓடும்” என்பது அவர்கள் சொன்ன காரணம். கழற்றிய பிறகும் சூடு குறையவில்லை. நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் இப்படிக் கழற்றப்பட்டவை நிறைய. அந்தச் சின்னப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பது அதன் பெயரிலிருந்து யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் அது வேண்டாத பொருளாகிவிடுகிறது.

அதன் வேலை இதுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட், அதாவது இன்ஜினின் சூட்டை வாங்கிச் செல்லும் நீர்மம், அதை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகக் கூடாது. போனால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நெடுநேரம் ஆகும். ஆகவே ரேடியேட்டருக்குப் போகும் வழி மூடியிருக்கும். வாட்டர் பம்ப் தள்ளும் கூலன்ட், பைபாஸ் என்ற குறுக்கு வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். தெர்மோஸ்டாட்டின் நடுவே ஒரு சிறிய பித்தளைக் கிண்ணத்தில் மெழுகு அடைத்திருக்கும். சூடு ஏற ஏற மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ளும். ஊசி வால்வைத் திறக்கும். சூடு தணிந்தால் சுருள்வில் மூடிவிடும். எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். 82 என்று பொறித்திருந்தால், 95 டிகிரி செல்சியஸ் வாக்கில் முழுவதும் திறந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பல இன்ஜின்களில் ரேடியேட்டர் வழியைத் திறக்கும் அதே அசைவில், அடியில் உள்ள இன்னொரு தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. ஒரு பக்கம் அடைத்து மறு பக்கம் திறந்துவிடுவது. நம் தோட்டத்தில் ஒரு பாத்தி நிறைந்ததும் மம்மட்டியால் மண்ணை வெட்டிப் போட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்புகிறோமே, அதுவேதான். அதற்கு நம்மிடம் மடை என்ற சொல் இருக்கிறது. மடை திருப்புவது என்றால் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் மஞ்சள் போடுகிறவருக்கும் விளங்கும். கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிறவருக்கும் விளங்கும்.

எனவே என் முன்மொழிவு: சூட்டுமடை.

இப்போது பட்டியலில் இருப்பது ‘வெப்பநிலைப்பி’. பல்லடத்து நண்பர் சொன்னது ‘வெப்பநிலை நிறுத்தி’. இரண்டும் கிரேக்க வேர்களை அப்படியே பெயர்த்தவை: வெப்பம், நிற்பது. 1830இல் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலார் இரட்டை உலோகத் தகடுகளால் ஆன கருவிக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு இந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது. ஆலைகளில் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்திருக்கத்தான் அவர் அதைச் செய்தார். மில்கள் நிறைந்த கோவைக்காரர்களுக்கு அந்தத் தேவை நன்றாகவே புரியும். ஆனால் காரில் உள்ள பொருள் வெப்பத்தை நிறுத்தி வைப்பதில்லை. மலை ஏறும்போது இன்ஜின் சூடு 82ஐக் கடந்து போகத்தான் செய்யும்; அதை அந்த வால்வு தடுக்க முடியாது. வழியைத் திறந்துவிடுவதோடு அதன் பொறுப்பு முடிந்தது. மிச்சம் ரேடியேட்டர், ஃபேன், பம்ப் ஆகியவற்றின் பாடு. ‘நிறுத்தி’ என்று பெயர் வைத்தால், சூடு ஏறும்போதெல்லாம் பழி அதன்மேல்தான் விழும்.

தாராபுரத்து அக்கா ஒரு நியாயமான மறுப்பை எழுப்பியிருந்தார். இஸ்திரிப் பெட்டியிலும் ஃபிரிட்ஜிலும் தெர்மோஸ்டாட் இருக்கிறதே, அங்கேயும் மடை என்பீர்களா என்று கேட்டார். அங்கே வேண்டாம், அக்கா. அங்கே அது மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச். அதற்கு ‘வெப்பநிலைப்பி’ நன்றாகப் பொருந்துகிறது, அப்படியே இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

‘வெப்பமடை’ என்று வைக்கலாமே என்று இருவர் எழுதினார்கள். எனக்கும் முதலில் அந்த வடிவம்தான் மனத்தில் வந்தது. ஆனால் எழுதிப் பார்த்தால் உடனே தெரியும்: ‘இன்ஜின் வெப்பமடைகிறது’ என்பதில் உள்ள வெப்பம் + அடை அங்கே குறுக்கே வந்து நிற்கும். ‘வெப்பமடை மாற்றப்பட்டது’ என்ற வரியைப் படிக்கிற மாணவர் ஒரு கணம் தடுமாறுவார். சூடு என்பதில் அந்தத் தொல்லை இல்லை. வீடு வீட்டுமனை ஆவது போலச் சூடு சூட்டுமடை ஆகிறது, இலக்கணத்துக்கும் இடிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் யாரும் வெப்பம் என்று சொல்வதும் இல்லை, சூடு என்றுதான் சொல்கிறார்கள். மடைக்குப் படையல் என்ற பொருளும் உண்டு, மடைப்பள்ளி நினைவு வரும் என்று அவிநாசியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். இருந்தாலும் கார் பேனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. ‘மதகு’ என்ற மாற்றையும் நான் ஏற்கவில்லை. மதகு பெரிய வாய்க்காலில் ஷட்டர் போட்ட கட்டுமானம். மடைதான் சின்னது, தண்ணீரின் திசையை மாற்றுவதும் அதுதான்.

ஒரு கலைச்சொல் தேறுகிறதா என்பதை, அதை வைத்துப் பழுது கண்டுபிடிக்க முடிகிறதா என்பதைக் கொண்டே நான் பார்ப்பேன்.

சூட்டுமடை மூடியே சிக்கிக்கொண்டால்: முள் வேகமாக ஏறும், ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் வெதுவெதுப்பைத் தாண்டாது. மடை திறக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. திறந்தே சிக்கிக்கொண்டால்: வண்டியைக் கிளப்பியதிலிருந்து ஹோஸ் மெதுவாகச் சூடாகிக்கொண்டே வரும், முள் நடுவுக்கு வராது, மலை இறக்கத்தில் இன்னும் கீழே போகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். சரியாக இருந்தால்: ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, மடை திறந்ததும் சட்டென்று சூடாகும். கையால் தொட்டுப் பார்ப்பவர்கள் ஃபேனை மறக்கக் கூடாது. மின் ஃபேன் இன்ஜினை அணைத்த பிறகும் திடீரென்று சுழலும்.

ஐயம் இருந்தால் கழற்றி, ஒரு போசியில் (பாத்திரத்தில்) தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றுங்கள். பொறித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க வேண்டும், ஆறவிட்டால் மூட வேண்டும்.

முள்ளையே முழுதாக நம்பவும் வேண்டாம். பழைய கார்களில் சென்சாரிலிருந்து வரும் ஒயரின் மேலுறை கிழிந்து இன்ஜினில் பட்டால், பல மாடல்களில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முள் உச்சிக்குப் போய்விடும். ஒயர் கழன்றுவிட்டால் இன்ஜின் கொதித்தாலும் முள் கீழேயே கிடக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

இனி கோபி நண்பருக்கு. உங்கள் இன்ஜின் பைபாஸை மூடும் வகை என்றால், சூட்டுமடையை எடுத்ததால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்துகிடக்கிறது. சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்குள் நுழைகிறது. முதலில் அதே டிகிரி பொறித்த புதியதை வாங்கிப் பொருத்துங்கள். அதன் பிறகும் மலையில் மட்டும் சூடு ஏறினால் ரேடியேட்டரைப் பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் ஊற்றிய வண்டிக்கும் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிக்கும் உள்ளே படியும் உப்பில் பெரிய வேறுபாடு இருக்கும். டவுனில் நின்று நின்று போகும்போது மட்டும் சூடு ஏறினால் ஃபேனைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையமும் முக்கியம். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதனாலேயே சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் அழுத்தம் விட்ட நொடியில் கொதித்து மேலே பாயும்.

பட்டியலில் சேர்க்க நான் எழுதியிருக்கும் விளக்கம் இது:

சூட்டுமடை: இன்ஜினில் சுற்றும் கூலன்ட் குறித்த வெப்பநிலையை எட்டும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைத்து, எட்டியதும் தானே திறந்துவிடும் வால்வு, பல இன்ஜின்களில் திறக்கும்போதே பைபாஸையும் மூடும். வழக்குச் சொல்: தெர்மோஸ்டாட்.

வழக்குச் சொல்லை நீக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கடையில் போய்ச் சூட்டுமடை கேட்டால் இன்றைக்குப் பொருள் கிடைக்காது. ஐடிஐயில் பாடம் நடத்தும் நண்பர்கள் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நடத்திப் பார்த்து, மாணவர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதினால் பேருதவி.

கூலன்ட்டுக்குக் ‘குளிரூட்டி’ என்ற பரிந்துரைக்கு என் வாக்கு இல்லை. ஏசி உள்ள காரில் அந்தப் பெயர் இரண்டு பொருள்களுக்குப் போய்விடும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ‘தணிநீர்மம்’ என்பதைப் பற்றி அதற்குள் யோசித்து வையுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து